மருந்தடிக்காத வயல்

பருத்தி இலையைப் பறித்துவிடாமல், காம்பைப் பிடித்து மெல்லத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். அதையும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு நம் நிழல் பட்டாலே, இலைச் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியில் வளர்ந்தவை தாவிப் பறந்துவிடும் என்பதால், நாங்கள் எண்ணுவது இறக்கை முளைக்காத குஞ்சுகளைத்தான். வெளிர்ப் பச்சை நிறத்தில், எள்ளைவிடச் சிறியதாக, நடு நரம்பை ஒட்டி அமர்ந்திருக்கும் அந்தக் குஞ்சு, இலை திரும்பியதும் நண்டைப் போலப் பக்கவாட்டில் நகர்ந்து நரம்பின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும். ஒரு செடியில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று இலைகள், ஒரு பாத்திக்கு ஐந்து செடிகள், நாற்பது ரகங்கள், ஒவ்வொரு ரகமும் வயலில் மூன்று இடங்களில். ஒரு முறை எண்ணி முடிக்க 1,800 இலைகளைத் திருப்ப வேண்டும். விதைத்த முப்பதாம் நாளில் தொடங்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறையாகத் தொண்ணூறாம் நாள் வரை இந்த வேலை நடக்கும்.

கோவைப் பக்கத்தில் ஒரு பண்ணையில், பருத்தி ரகங்கள் பூச்சியை எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்று வயலில் வைத்துப் பார்க்கும் வேலையில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். அந்த எட்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது, பூச்சியே வராத வயலில் எந்த ரகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது என்பதுதான். கேட்பதற்கு எளிய செய்தியாகத் தோன்றும். ஆனால் பயிரைக் காப்பாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், கண்ணெதிரே பயிர் கருகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு மனத்தைப் பழக்கிக்கொள்ள நெடுநாள் ஆகிறது.

முதல் ஆண்டில் களையெடுக்க வந்த ஒரு வயதான அம்மா, மருந்தடிக்காத பாத்திகளின் ஓரமாக நின்று என்னைக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, பயிரு இப்புடிக் கருகுதே, ஒருக்கா மருந்தடிச்சுப் போட்டா என்னங்க?" இலையோரம் மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகி, கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோலக் கீழ்நோக்கிச் சுருண்டு, கடைசியில் தீயில் வாட்டியதைப் போலக் காய்ந்து கிடந்த வரிசையைத்தான் அவர் காட்டினார். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம் என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாடுகிற பயிரைப் பார்த்துக்கொண்டிருப்பது பாவம் என்று எண்ணி வளர்ந்த ஒருவரிடம், இந்தச் செடி வாடினால்தான் பக்கத்துச் செடியின் பெருமை தெரியும் என்று எப்படி விளக்குவது?

தப்பிப் பிழைத்த செடியும் எதிர்த்து நின்ற செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இந்தச் சோதனையின் அடிப்படைச் சிக்கல். ஒரு ரகத்தின் இலையில் குஞ்சே இல்லை என்றால், அந்த ரகம் பூச்சியை விரட்டியிருக்கலாம். அல்லது அந்த மூலைக்குப் பூச்சி வராமலே போயிருக்கலாம். அல்லது பக்கத்துத் தோட்டக்காரர் அடித்த மருந்து காற்றில் வந்து விழுந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, வயல் முழுவதும் பூச்சி ஒரே அளவில் பரவும்படி நாமே பார்த்துக்கொள்வதுதான். அதற்காகப் பத்து வரிசைக்கு ஒரு வரிசை, தத்துப்பூச்சிக்கு மிகவும் பிடித்த வெண்டையைப் பருத்திக்கு முன்னதாகவே விதைத்து வைப்போம். வெண்டையில் பூச்சி பெருகியதும் அங்கிருந்து இருபுறமும் இறங்கும். இடையிடையே, எளிதில் பாதிக்கப்படும் என்று முன்பே தெரிந்த ஒரு ரகத்தை ஒப்பீட்டுக்காக நடுவோம். தார்வாடில் உருவான டிசிஎச் 32 என்ற ஒட்டு ரகமோ, கோவையிலிருந்து 1974இல் வெளிவந்த சுவினோ அதற்குப் பொருத்தமானவை. சுவின் இழையின் மென்மைக்கு ஈடு இந்தியாவில் இல்லை என்பார்கள். ஆனால் அதன் வழவழப்பான இலை தத்துப்பூச்சிக்கு விரித்து வைத்த பாய். அந்த ஒப்பீட்டு வரிசை கருகினால்தான் அந்த ஆண்டுச் சோதனை செல்லும். அது பச்சையாகவே நின்றுவிட்டால், மற்ற முப்பத்தொன்பது ரகங்களும் பச்சையாக நின்றதற்குப் பொருளே இல்லை.

எந்த ரகம் எந்தப் பாத்தியில் என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்வோம். நமக்குப் பிடித்த ரகத்தை நல்ல மண்ணில் வைக்கும் ஆசை எவருக்கும் வரும். அந்த ஆசையிலிருந்து நம்மைக் காப்பது அந்தச் சீட்டுதான். உரத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். தழைச்சத்து ஒரு பிடி கூடுதலாக விழுந்த வரிசையில் இலை கொழுத்து, சாறு மிகுந்து, பூச்சியும் கூடுதலாகவே சேரும் என்பதால், யூரியா வைக்கும் நாளில் நான் கூடவே நடப்பேன்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் போதாது. ஓர் இலைக்கு இரண்டு குஞ்சுகள் இருந்தால் மருந்தடிக்கலாம் என்பது உழவர்களுக்குச் சொல்லப்படும் அளவு. ஆனால் அதே இரண்டு குஞ்சுகளோடு ஒரு ரகம் சுருண்டு போகும். இன்னொன்று ஒன்றும் நடவாததுபோல் காய் பிடிக்கும். ஆகையால் செடியின் தோற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு. சுருக்கமும் மஞ்சளும் இல்லாத செடிக்கு ஒன்று. அடி இலைகள் சிலவற்றின் ஓரம் மட்டும் மஞ்சளானால் இரண்டு. செடி முழுவதும் சுருண்டு, செம்பழுப்பேறி, வளர்ச்சி தடைப்பட்டால் மூன்று. இலை காய்ந்து உதிர்ந்து செடி குட்டையாகிப் போனால் நான்கு. ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை செடிகள் என்று பெருக்கிக் கூட்டி, மொத்தச் செடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த ரகத்தின் குறியீடு கிடைக்கும். மூன்றுக்கு மேல் போன ரகத்துக்காக வாதாட ஒன்றுமில்லை.

செடி பூச்சியைச் சமாளிக்கும் வழிகளை மூன்றாகப் பகுத்தவர் கான்சாஸைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரெஜினால்ட் பெயின்டர். பூச்சி அந்தச் செடியை விரும்பாமல் விலகுவது ஒன்று. அதைத் தின்ற பூச்சி வளராமல், பெருகாமல் நலிவது இன்னொன்று. பூச்சி தின்றாலும் செடி தளராமல் விளைச்சல் தருவது மூன்றாவது. முதல் இரண்டையும் இலையை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். மூன்றாவதைக் கண்டுபிடிக்க, அதே ரகத்தை மருந்தடித்த பாதியிலும் அடிக்காத பாதியிலும் வைத்து, இரண்டிலும் எடுத்த பருத்தியை நிறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. என்னைப் பொறுத்தவரை உழவருக்கு மிகவும் தேவையானது இந்த மூன்றாவது கணக்குத்தான்; ஆனால் இடமும் ஆளும் செலவும் இரட்டிப்பாகும் என்பதால், முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

தத்துப்பூச்சியைப் பொறுத்தவரை ரகங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் பெரும் பங்கு இலையின் மயிரைச் சேர்ந்தது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸை வைத்து, தாங்கும் ரகத்தின் இலையடியைப் பார்த்தால், நடு நரம்பின் இருமருங்கிலும் நீண்ட மயிர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். தாய்ப்பூச்சி தன் முட்டையை இலையின் மேல் வைப்பதில்லை. நரம்பின் சதைக்குள் செருகுகிறது. மயிர் அடர்ந்திருந்தால் அதன் முட்டையிடும் உறுப்பு நரம்பை எட்டுவது கடினம். பொரித்து வந்த குஞ்சுக்கும் சாறு உறிஞ்ச இடம் கிடைப்பது கடினம். இதில் நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்று உண்டு: மயிர் அடர்த்தியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். குட்டையான மயிர் எவ்வளவு அடர்ந்திருந்தாலும் பெரிய பயன் இல்லை. நீளமும் சேர வேண்டும். விரலால் தடவும்போது இரண்டும் ஒரே பட்டுத்தன்மையோடுதான் தெரியும். லென்ஸ்தான் பிரித்துக் காட்டும்.

இதைக் கண்டறிந்த கதை நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டனில் 1920களில் பருத்தி விளைவிக்க முடியாத அளவுக்கு அந்நாட்டுத் தத்துப்பூச்சி பெருகியிருந்தபோது, பார்னெல் என்ற பயிர்ப்பெருக்க அறிஞரும் அவருடைய குழுவினரும், கருகிக் கிடந்த வயல்களில் தாக்குப்பிடித்து நின்ற தனிச் செடிகளைத் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். அவை மயிர் நிறைந்த செடிகளாக இருந்தன. அந்தத் தேர்விலிருந்து வந்த யு 4 என்ற ரகம் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளுக்குப் பரவியது. மருந்துத் தெளிப்பான் என்ற பொருளே அந்த வயல்களில் இல்லாத காலம் அது; பூச்சியே தேர்வாளராக இருந்தது. நம் ஊரில் எம்சியு என்று தொடங்கும் ரகங்களைத் தெரியாத பருத்திக்காரர் இருக்க மாட்டார். அந்த மூன்று எழுத்துகளும் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பவற்றின் முதலெழுத்துகள். நம் கோவைப் பருத்தியின் இரத்தத்தில் எத்தனை தேசத்து வயல்கள் கலந்திருக்கின்றன என்று அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மயிர் எல்லாவற்றுக்கும் மருந்து என்றால் இந்த வேலை என்றோ முடிந்திருக்கும். மயிர் மிகுந்த இலையை வெள்ளை ஈ விரும்புகிறது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் வழவழப்பான இலையைவிட மயிருள்ள இலையிலேயே கூடுதலாக முட்டை வைக்கிறது. ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு திறக்கிறது. 1980களின் நடுவில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் வெள்ளை ஈ பேரழிவாக வந்தபோது தேடப்பட்டவை வேறு வகை இலைகள்; காஞ்சனா, சுப்ரியா போன்ற ரகங்களின் பெயர் அப்போதுதான் வெளியே தெரிந்தது. வெண்டை இலையைப் போல ஆழமாகப் பிளவுபட்ட இலைகொண்ட பருத்தியும் உண்டு. செடிக்குள் வெயிலும் காற்றும் புகுவதால் வெள்ளை ஈக்கு அது ஒவ்வாது. இலையிலும் விதையிலும் கரும்புள்ளியாகத் தெரியும், காசிப்பால் என்ற நச்சுப்பொருளைக் கொண்ட சுரப்பிகளை நீக்கினால் பருத்தி விதையை மனிதர் உண்ணலாம் என்று அமெரிக்காவில் 1950களில் சுரப்பியற்ற பருத்தியை உருவாக்கினார்கள். வயலில் வைத்தபோது, அதுவரை பருத்தியைச் சீண்டாத பூச்சிகள்கூட வந்து தின்றன. அந்தக் கசப்புப் புள்ளிகள் எத்தனை காலமாக அந்தச் செடியைக் காத்து நின்றன என்பது அவற்றை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

காய்ப்புழுக்களுக்கான சோதனை வேறு விதமானது. அதில் காயை அறுத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு உள்ளே இருக்கும் காய் வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சமும் குறையில்லாமல் இருக்கும். பாத்திக்கு இருபது பச்சைக் காய்களைப் பறித்து, சூரிக்கத்தியால் அறை அறையாகப் பிளந்தால், பால் பிடித்த விதைக்குள் சுருண்டு கிடக்கும். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் வேலையில் இருந்த ஐந்தாம் ஆண்டில், என் வாழ்நாளில் மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சி நடந்தது. அறுபதாம் நாள் எண்ணிக்கைக்கு முன்பாக உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தேன். அந்த வாரத்தில் பண்ணையைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. கருகிய வரிசைகள் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கின்றன என்று பொறுப்பில் இருந்த ஒருவர் சொல்லிவிட, மருந்தடிக்கக் கூடாத பாத்திகள் முழுவதற்கும் ஒரே மாலையில் அடித்து முடித்துவிட்டார்கள். திரும்பி வந்து இலையைத் திருப்பினேன், குஞ்சே இல்லை. அடுத்த இலையிலும் இல்லை. பதினைந்து நாளில் புதுத் தளிர் விட்டு, சுவினும் மயிர் அடர்ந்த ரகங்களும் ஒன்றுபோலப் பச்சையாக நின்றன. பார்வையிட வந்தவர்கள் பயிரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு அறிக்கையின் பட்டியலில் பெரும்பாலான ரகங்களுக்கு எதிரே "தாங்கும் தன்மை உடையது" என்று எழுதப்பட்டது. எழுதாதீர்கள், இந்த ஆண்டுக் கணக்கைத் தள்ளிவிடலாம் என்று வேண்டிக் கேட்டேன். ஓராண்டு உழைப்பை வீணாக்க வேண்டாம் என்ற பதில்தான் கிடைத்தது. தவறான ஒரு வரி அச்சேறினால், அதை நம்பி அந்த ரகத்தைத் தாயாகவோ தந்தையாகவோ வைத்து இன்னொருவர் பத்தாண்டு காலம் ஒட்டுக் கட்டுவார் என்பதை அன்று நான் உரக்கச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு பண்ணையில் ஒரு மாலையில் நடந்த அதே தவறு, நாடு தழுவிய அளவில், எவரும் தவறென்று எண்ணாமலே நடந்திருக்கிறது என்பது என் கருத்து. 2002 மார்ச்சில், பாக்டீரியா ஒன்றின் மரபணுவைப் புகுத்திய பிடி பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2006இல் இரண்டு மரபணு கொண்ட வகை வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிடி ஒட்டு ரகங்களாக மாறியது. அந்த மரபணு காய்ப்புழுக்களைக் கொல்லும். சாறு உறிஞ்சும் பூச்சிகளை அது ஒன்றும் செய்யாது. ஆனால் விற்பனைக்கு வந்த விதைகள் பெரும்பாலும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து பூசப்பட்டு வந்தன. அந்தப் பூச்சு முளைத்த முதல் சில வாரங்களுக்குத் தத்துப்பூச்சியை அண்டவிடாது. அதனால் இலையில் மயிர் உண்டா, நீளம் எவ்வளவு என்று பார்க்க வேண்டிய கட்டாயம் விதை உருவாக்கியவர்களுக்கு இல்லாமல் போனது. தத்துப்பூச்சிக்கு எளிதில் இரையாகும் ஒட்டு ரகங்கள் பல அந்தப் பூச்சின் நிழலில் சந்தைக்கு வந்தன. காலப்போக்கில் தத்துப்பூச்சி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டபோது, கீழே தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. காய்ப்புழுவும் சும்மா இருக்கவில்லை. ஒற்றை மரபணுப் பிடி பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டது என்ற செய்தி 2010இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களிலிருந்து வந்தது. 2015இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியை அழித்தபோது, நாட்டுப் பருத்தி விதைத்திருந்த வயல்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படாமல் நின்றதைப் பலரும் கண்டார்கள். நம் கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணியும் அந்த நாட்டுப் பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

பிடி பருத்தியை நான் எதிர்ப்பவன் அல்லன். காய்ப்புழுவுக்காக வாரம் ஒரு முறை மருந்தடித்து மயங்கி விழுந்தவர்களை 1990களில் பார்த்தவன், அதன் வரவால் கிடைத்த நிம்மதியைக் குறைத்துப் பேச முடியாது. நான் கேட்பது ஒன்றே: எந்த ரகமானாலும், விதையில் பூச்சு இல்லாமல், மேலே தெளிப்பு இல்லாமல், வெண்டை வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பருவம் நின்று காட்டட்டும். அந்தக் கணக்கை விதைப் பையின் மேல் அச்சிடட்டும். இழை நீளத்தையும் விளைச்சலையும் அச்சிடுபவர்களுக்கு இது பாரமாக இருக்காது.

நம் ஊர்த் தத்துப்பூச்சி இப்போது நம்மோடு நிற்கவில்லை. 2022இல் மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி நாடுகளில் பெரும் சேதம் விளைவித்தது இதே இனம்தான். 2025இல் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலப் பருத்தி வயல்களிலும் அது கருகலை உண்டாக்கியிருக்கிறது. இயந்திர அறுவடையில் பஞ்சோடு இலைத்தூள் ஒட்டக் கூடாது என்பதற்காக நெடுங்காலமாக வழவழப்பான இலையைத் தேடித் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். இனி அவர்களும் காலை எட்டு மணிக்குள் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கள் வயலில் ஏழாம் ஆண்டில் ஒரு வரிசை இருந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மூன்று இடங்களிலும், மருந்தடிக்காத பாதியில், சுற்றிலும் எல்லாம் செம்பழுப்பேறிக் கிடக்க, அது மட்டும் அடி இலைவரை பச்சையாக நின்று காய் வெடித்தது. பருத்தி எடுக்க வந்தவர்களில் அந்த அம்மாவும் இருந்தார். மடி கட்டிக்கொண்டு எடுத்து வந்தவர், அந்த வரிசையின் முடிவில் நிமிர்ந்து நின்று சொன்னார்: "இந்தச் சால்ல மட்டும் மடி வெரசா ரொம்பிருதுங்க தம்பி." எண் பலகையை அவர் படிக்கவில்லை, எங்கள் குறியீட்டுக் கணக்கும் அவருக்குத் தெரியாது. சாக்கில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து, "வெதை ஒரு படி குடுங்க, எங்க மேட்டாங்காட்டுல போட்டுப் பாக்கறனுங்க" என்று கேட்டார். சோதனையில் இருக்கும் ரகத்தின் விதை பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. சொன்னேன். இந்த முறை அவர் என்னை நம்பினார்; "செரி, பேரு வச்சு வெளிய உடறப்பச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சாலுக்குப் போனார்.

அடுத்த ஆண்டு இழைப் பரிசோதனையில் அதன் நீளம் மில்லுக்குப் போதாது என்று வந்தது. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீண்ட இழை ரகத்தோடு அதை ஒட்டுக் கட்டலாம் என்று நான் எழுதிக் கொடுத்த குறிப்புக்குப் பதில் வருவதற்குள் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். குளிர் அறையில், பழுப்புக் காகித உறையில், ஏறக்குறைய முக்கால் கிலோ விதை இருக்கிறது. வெண்டை வரிசைகளுக்கு நடுவில், மருந்தில்லாமல் விளைந்து, அந்த அம்மா மடியில் எடுத்த பருத்தியிலிருந்து பிரித்த விதை.